எடுத்துக் கொடுக்காத சொல்

அன்று மேடையில் அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று என்னால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான் என்று சில நாள் தோன்றுகிறது. ஒரு ஆள் மாடிப்படி ஏறி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இடம் பார்த்து உட்காரும் அளவுக்கு நீண்டது என்று சில நாள். அத்தானின் கை அப்போது எங்கே இருந்தது என்பதிலும் சந்தேகம். அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அண்மையில் ஒரு நாள், நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் யாரோ நீட்டிய சீட்டைப் படித்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கை இடுப்புப் பக்கம் லேசாக நகர்வதுபோல நினைவு வந்தது. நினைவு வந்ததா, நானே நகர்த்திப் பார்த்தேனா, தெரியாது. மற்றதெல்லாம் ஓரளவு சரியாகவே சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் நாடகக் குழு ஒரு மரச்சாமான் கடையின் மேல்மாடியில் இருந்தது. கீழே கடையும் பட்டறையும். மேலே, விற்காமல் தங்கிப்போனவற்றை ஏற்றி வைக்கும் நீளமான அறை. அதன் ஒரு கோடியில் பலகை அடித்து மேடை போட்டிருந்தோம். பார்க்க வருபவர்கள் உட்காருவது கடையின் நாற்காலிகளில்தான். ஒவ்வொன்றின் முதுகிலும் விலைச் சீட்டு தொங்கும். கடை முதலாளி எங்களிடம் வாடகை கேட்டதில்லை. ஒரு நாற்காலியில் முழு நாடகம் உட்கார்ந்து எழுந்தவன் அதை வாங்காவிட்டாலும் மறக்க மாட்டான் என்பது அவருடைய நம்பிக்கை.

"நாடகம் கொஞ்சம் நீளமாவே இருக்கட்டும்," என்பார். "இடுப்பு வலிக்காம எந்திரிச்சாத்தானே நம்ம சாமானோட அருமை தெரியும்?"

இந்த ஏற்பாட்டில் சங்கடங்களும் இருந்தன. மேடையில் நாங்கள் பயன்படுத்தும் சாமானும் விற்பனைக்கு உள்ளதுதான். ஒரு நாடகத்தில் கிழவர் கட்டிலில் படுத்து உயிரை விட வேண்டும். முதல் வாரம் கட்டிலில் செத்தார். அடுத்த வாரத்துக்குள் கட்டில் விற்றுப் போய்விட்டது. சாப்பாட்டு மேசைமேல் சாகலாமே, நல்ல பலமான மேசை என்றார் முதலாளி. கடைசியில் ஒரு சோபாவில் செத்தார். முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அழ வேண்டிய இடத்தில் கூட்டம் சிரித்தது.

கூட்டம் என்று சொல்வது பழக்கம். மழை பெய்த மாலைகளில் மேடையில் இருப்பவர்களைவிடக் கீழே இருப்பவர்கள் குறைவாக இருந்ததுண்டு. ஊரில் மற்ற குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. ஒரு குழுவின் ஆட்கள் எல்லோரும் தொலைக்காட்சித் தொடருக்குப் போனார்கள். இன்னொன்று அரங்கம் கிடைக்காமல் நின்றது. நாங்கள் ஞாயிறு மாலைகளில் நடத்திக்கொண்டே இருந்தோம். அதற்குக் காரணம் அத்தான்.

அத்தான் என்பவர் என் அக்காவின் கணவர். வேலைக்காலம் முழுக்கப் பேருந்து நடத்துநராக இருந்தவர். கடைசி இருக்கையில் தூங்குபவரை எழுப்பும் குரல். அப்பா வேடம் என்றாலே அவர்தான். ஒத்திகைக்கு வராதவர்களின் வீட்டு வாசலில் போய் நின்று, "இறங்கறவங்க இறங்கலாம், ஏறறவங்க ஏறலாம்," என்று கத்தி அழைத்து வருவார். முதலாளி மாடியைக் கொடுத்ததும் அவர் முகத்துக்காகத்தான். அவர் வேண்டாம் என்று ஒதுங்கினால் குழு அந்த வாரமே இல்லாமல் போகும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். குழு இல்லாமல் போனால் அவர் என்ன ஆவார் என்பது அக்காவுக்குத் தெரியும். பணி ஓய்வு பெற்ற புதிதில், காலையில் உடுத்திக்கொண்டு எங்கும் போகாமல் வாசலில் நின்றுகொண்டிருந்த மனிதரை அவள் பார்த்திருக்கிறாள்.

என் வேலை மேடையில் இல்லை. பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில், கையில் நாடகப் பிரதியோடு உட்கார்ந்திருப்பேன். யாராவது வசனத்தை மறந்தால் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும். முழு வரியையும் கொடுக்கக் கூடாது, முதல் சொல் மட்டும்தான் என்பது எங்கள் குழுவின் பழக்கம். முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர்களே ஏறி வந்துவிட வேண்டும். எப்போதும் ஏதாவது படித்துக்கொண்டும், கேட்டால் மட்டும் பேசிக்கொண்டும் இருந்த எனக்கு அந்த முக்காலி நன்றாகப் பொருந்தியது. அத்தான் எனக்கு வைத்த பெயர் புத்தகம். நாளடைவில் குழுவில் எல்லோருக்கும் நான் புத்தகம்தான்.

எடுத்துக் கொடுப்பது எளிது. எப்போது கொடுக்கக் கூடாது என்பதுதான் கடினம். நடிப்பவர் வேண்டுமென்றே நிறுத்துகிறாரா, வார்த்தை வராமல் நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும். மறந்தவருக்கு மூச்சு மேலே ஏறிவிடும், கண் எங்காவது ஓடும். வேண்டுமென்றே நிறுத்தியவர் மூச்சைக் கீழே வைத்திருப்பார். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மற்றவர்கள் மௌனமாக இருக்கும்போது அவர்களைப் பார்ப்பது சிறுவயதிலிருந்தே என் பழக்கம்.

அத்தான் வசனத்தை மறந்ததே கிடையாது. ஆனால் அந்த ஆண்டு வேறு சில மறதிகள் வந்தன. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பழகிய தெருவில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு, வழியில் பேசிக்கொண்டு நின்றதாகச் சமாளித்தார். எதையாவது தேடித் தவிக்கும்போது அவருடைய இடது கை தானாக இடுப்புக்குப் போகும். பணிக்காலத்தில் தோல் பை தொங்கிய இடம் அது. விட்டுப்போன சொல்லும் அந்தப் பையில் சில்லறையோடு கிடக்கும் என்பதுபோல விரல்கள் துழாவும்.

அக்கா என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். தையல் இயந்திரத்தில் ஏதோ உடுப்பைப் போட்டுக்கொண்டே, நிமிராமல்.

"மேடையில ஒரு தடவ மறந்துட்டார்னு வை. அத்தோட விட்டுருவாரு. யார் சொன்னாலும் கேக்கமாட்டாரு."

"நான் இருக்கேனே அக்கா."

"நீ எடுத்துக் குடுத்தாலும் அது எடுத்துக் குடுத்ததுதானடி. அவருக்குத் தெரியாமலா போகும்?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த தையலைப் போட்டாள்.

அப்போது நாங்கள் தயார் செய்துகொண்டிருந்த நாடகத்தில் மேடைக்கு வருபவர்கள் நான்கே பேர். அப்பாவாக அத்தான், அம்மாவாக அக்கா, மகளாக நர்சம்மா. கோபித்துக்கொண்டு போய்ப் பல காலம் கழித்துத் திரும்பி வரும் மகனாக எங்கள் பல் டாக்டர். நர்சம்மா மருத்துவமனையில் பணி முடிந்த கையோடு வந்து, சீருடைமேலேயே சேலையைச் சுற்றிக்கொள்வாள். பல் டாக்டருக்குத் தலை பாதி வழுக்கை, ஆனாலும் மகன் வேடத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். வாயைத் திறந்தபடி படுத்திருக்கும் நோயாளிகளிடம் வசனத்தைச் சொல்லிப் பார்ப்பது அவர் வழக்கம். அவர்களால் பதில் பேச முடியாது என்பது அவருக்குப் பெரிய வசதி.

கடைசிக் காட்சி இப்படி. மகன் வாசலில் நிற்கிறான். வீட்டில் மூவரும் அவனைப் பார்த்துவிட்டு அப்படியே நிற்கிறார்கள். "நான் உள்ள வரலாமாப்பா?" என்று அவன் கேட்கிறான். அப்பா, "கதவு தெறந்துதானே இருக்கு," என்கிறார். மகன் உள்ளே வருகிறான். திரை.

ஒத்திகைகளில் அத்தான் அந்த வரியைக் கேள்வி முடிந்ததுமே சொல்லிவிடுவார். ஒரு நாள்கூட அந்த இடத்தில் நிறுத்தியதில்லை. இதை இங்கே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததற்கு அதுதான் காரணம்.

முதல் நாள் நாடகத்துக்கு வழக்கத்தைவிட அதிகமாக ஆட்கள் வந்திருந்தார்கள். புதிதாக வந்த நாற்காலிகள், உட்கார்ந்தவர்கள் அசையும்போதெல்லாம் கிறீச்சிட்டன. நாடகம் நன்றாகவே போனது. கடைசிக் காட்சியில் பல் டாக்டர் வாசலில் நின்று, கையில் பெட்டியோடு, "நான் உள்ள வரலாமாப்பா?" என்று கேட்டார்.

அத்தான் பதில் சொல்லவில்லை.

மகனைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பிரதியில் அந்த வரியின்மேல் விரலை வைத்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. கோபம் வந்து, அது எங்கேயும் நிற்காமல் கரைந்து, வேறு ஏதோ வந்தது. அது என்னவென்று பார்க்க நான் முக்காலியில் முன்னால் சாய்ந்தேன்.

அப்போதுதான் மூன்று வாய்கள் ஒன்றாகத் திறந்தன.

அடுப்படிப் பக்கத்திலிருந்து அக்கா சொன்னாள். சன்னல் ஓரத்திலிருந்து நர்சம்மா சொன்னாள். வாசலில் நின்ற பல் டாக்டரும் சொன்னார். "கதவு தெறந்துதானே இருக்கு!" மூவரும் ஒரே குரலில், சொல் பிசகாமல். உள்ளே வரலாமா என்று கேட்ட மகனே, கதவு திறந்துதான் இருக்கிறது என்று தனக்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டு, அதிர்ச்சியில் பெட்டியைக் கீழே போட்டார்.

பிறகு கைதட்டல். அந்த மாடியில் அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. வீடே சேர்ந்து பிள்ளையை உள்ளே கூப்பிடுகிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கயிற்றை இழுத்துத் திரையை மூடினேன்.

முதலாளி மேடைமேல் ஏறி ஓடி வந்தார்.

"கடைசியில எல்லாரும் சேந்து சொன்னீங்க பாருங்க, அடடா! அத மட்டும் மாத்திராதீங்க. ஒவ்வொரு வாரமும் அப்படியே வேணும். ரெண்டு பேரு நாற்காலிக்குச் சொல்லிட்டுப் போயிருக்காங்க!"

யாரும் சிரிக்கவில்லை. அத்தான் மேக்கப்பைத் துடைக்காமலே மேல்சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். அக்காவுக்காகக்கூடக் காத்திருக்கவில்லை.

அடுத்த ஒத்திகைக்கு அவர் வரவில்லை. வராதவர்களைக் கூப்பிடப் போகிறவரே வராதபோது அவரைக் கூப்பிடப் போக ஆளில்லை. நாங்கள் நால்வரும் விலைச் சீட்டு தொங்கும் நாற்காலிகளில் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தோம். கீழே பட்டறையில் மரத்தின்மேல் இழைப்புளி ஓடும் சத்தம் கேட்டது. கடைசியில் பல் டாக்டர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"அண்ணி, உங்களுக்கு எப்படி அண்ணன் வசனம் தெரியும்?"

"ஒரே வீட்ல இருக்கேன், தெரியாதா? நீங்க சொல்லுங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் காதைச் சொறிந்தார். "சும்மா படிச்சு வச்சேன். ஒருவேள அண்ணன் எங்கயாவது தடுமாறினா..."

"அந்த ஒரு வரியா?"

"முழுசும்."

நர்சம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "நானும் முழுசும்தான்க்கா. வார்டுல மருந்து குடுத்துக்கிட்டே சொல்லிப் பாப்பேன். ஒரு பெரியவரு, 'நீ ஏம்மா என்னைய மகனேங்கற'ன்னு கேட்டாரு."

"எல்லாரும் அவரு எப்ப விழுவாருன்னு வலைய விரிச்சு வச்சுக்கிட்டு நின்னிருக்கோம்," என்றாள் அக்கா. "நானும் சேத்துத்தான். ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒருத்தராவது வாய மூடிக்கிட்டு இருந்திருப்போம்."

"அப்ப அண்ணன் மறந்தாரா இல்லையா?" என்றார் பல் டாக்டர்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிரதியின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

"நீ போய்ப் பேசுடி," என்றாள் அக்கா. "நான் என்ன சொன்னாலும் சமாதானம் பண்றேன்னு நெனைப்பாரு. நீ இல்லாததச் சொல்லமாட்டேன்னு அவருக்குத் தெரியும்."

ஒரு நாள் மதியம், மருந்துக்கடையில் சாப்பாட்டு இடைவேளைக்கு விட்டபோது போனேன். அத்தான் மேசை விசிறியைப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்து, ஒவ்வொரு இறக்கையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்கார் என்று கண்ணால் காட்டினார். உட்கார்ந்தேன். இறக்கைகளை ஒரு வரிசையில் வைத்தார். திருகாணிகளை ஒரு மூடியில் போட்டார். அவர் பேசட்டும் என்று நான் இருந்தேன். நான் பேசட்டும் என்று அவரும் இருந்திருக்கலாம். எங்கள் இருவருக்கும் அது புதிதல்ல. தெருவில் ஒரு சைக்கிள் மணி ஒலித்துப் போன பிறகு அவர் சொன்னார்.

"புது நாற்காலிங்க எப்படிச் சத்தம் போட்டுச்சு, கேட்டியா? கிறீச்சு கிறீச்சுன்னு."

"ஆமா அத்தான்."

"அந்த எடத்துல போட்டுச்சா?"

யோசித்தேன். போடவில்லை. ஒன்றுகூட.

"வேல பாத்த காலம் பூரா, 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு தொண்ட கிழியக் கத்தினேன் புத்தகம். ஒருத்தன் நகரமாட்டான். படிக்கட்டுலயேதான் நிப்பான். அன்னைக்கு நான் ஒண்ணுமே சொல்லாம நின்னேன். நாடகம் பாக்க வந்தவங்க உள்ள வந்தாங்க. அந்த வீட்டுக்குள்ள. நான் பாத்தேன், ஒவ்வொருத்தரா வர்றாங்க. இன்னும் ஒரு நிமிசம் விட்டிருந்தா மொத்த சனமும் வந்திருக்கும்." விசிறியின் வலைக்கூண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "அதுக்குள்ள மூணு பேரும் சேந்து கதவ அடச்சுட்டாங்க. கதவு தெறந்திருக்குன்னு சொல்லியே அடச்சுட்டாங்க."

அவரே அதைக் கேட்டு லேசாகச் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் முகம் மாறியது.

"அப்படித்தான் நெனச்சேன். ஆனா வீட்டுக்கு வந்து படுத்தா வேற மாதிரி தோணுது. ஒருவேள நான் நெசமாவே மறந்துதான் நின்னேனோ? மறந்ததுக்கு அப்புறமா, வேணும்னே நின்னேன்னு நானே சொல்லிக்கிறேனோ? கட்டின பொண்டாட்டி, கூட நடிக்கிறவங்க, மூணு பேருக்கும் ஒரே நேரத்துல தோணுச்சுன்னா அது சும்மாவா இருக்கும்?" என்னை நேராகப் பார்த்தார். "நீ சொல்லு. உன் வேலையே அதுதானே. மறந்தேனா, நிறுத்தினேனா?"

அவர் அக்காவிடமோ டாக்டரிடமோ இதைக் கேட்டிருந்தால் உடனே பதில் கிடைத்திருக்கும். நான் அந்த நேரத்தை மீண்டும் நினைத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் நான் அவர் மூச்சைப் பார்த்தேனா, கையைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. என் வேலையை நான் செய்யவே இல்லை. முக்காலியில் முன்னால் சாய்ந்து, இந்த அப்பா மகனை என்ன செய்யப் போகிறார் என்று, காத்துக்கொண்டிருந்த சனத்தில் ஒருத்தியாக நானும் காத்துக்கொண்டிருந்தேன். வசனம் தெரிந்த நானே, அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் இருந்தேன். மறந்துபோய் நிற்கும் ஒருவரைப் பார்த்தால் அடுத்த சொல் தானாக என் நாக்கு நுனிக்கு வந்துவிடும். அன்று வரவில்லை.

இதையெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதுதான் சொன்னேன்.

"நான் வாயே தெறக்கல அத்தான். மறந்திருந்தா தெறந்திருப்பேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் நம்பிக்கையும் இருந்தது, இவள் என்மேல் இரக்கப்படுகிறாளோ என்ற சந்தேகமும் இருந்தது. பிறகு திருகாணி கிடந்த மூடியை என் பக்கம் தள்ளினார்.

"இத ஒவ்வொண்ணா எடுத்துக் குடு," என்றார். விசிறியைப் பூட்டி முடித்தோம். சுழன்றது.

அடுத்த ஞாயிறு அவர் வந்தார். வந்தவர், படியில் நின்ற பல் டாக்டரிடம், "இன்னைக்கு உன் வாய்க்கு நீயே மயக்க ஊசி போட்டுக்கோ," என்றார். அக்காவைப் பார்த்து, "நீ முந்தானைய வாயில வச்சுக்கோ," என்றார். நர்சம்மா தானாகவே உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினாள். முதலாளிக்கு மட்டும்தான் வருத்தம்.

"மூணு பேரா சொல்லாட்டியும் ரெண்டு பேராவது சொல்லுங்களேன்," என்றார்.

நாடகம் நடந்தது. கடைசிக் காட்சி வந்தது. டாக்டர் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நான் உள்ள வரலாமாப்பா?"

மௌனம். நாற்காலிகள் கிறீச்சிட்டு, ஒவ்வொன்றாக அடங்கின. அக்கா உண்மையிலேயே முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். நர்சம்மா கண்களை மூடியிருந்தாள். டாக்டரின் தாடை நடுங்கியது. அது மகனுக்கு நன்றாகவே பொருந்தியது. அத்தான் முகத்தில் கோபம் வந்தது. கரைந்தது. வேறு ஏதோ வரத் தொடங்கியது.

பிறகு எல்லாம் போய்விட்டது. முகம் காலியானது. கண் மகனை விட்டு விலகி, மேலே சன்னலின் மூலைக்கு ஓடியது. இடது கை மெல்ல எழுந்து இடுப்புக்குப் போனது. விரல்கள் இல்லாத பையைத் திறந்து துழாவின. இது சந்தேகமில்லாமல் எனக்கு நினைவிருக்கிறது.

சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

எடுத்துக் கொடுத்தால், மேடையில் மறந்தார் என்று ஆகிவிடும். அக்கா பயந்தது அதற்குத்தான். கொடுக்காவிட்டால் அவர் தானாகவே பிடித்துக்கொள்ளலாம். அல்லது இந்த இரண்டாவது மௌனத்தையும் வேண்டுமென்றே நின்றதாக நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் அவர் மறுக்க மாட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் எந்த மௌனத்தையும் நம்ப மாட்டார். முதல் நாளின் மௌனத்தையும் சேர்த்து.

"கதவு," என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. அவருக்குக் கேட்டது. கை இடுப்பிலிருந்து இறங்கியது. கண் மகனிடம் திரும்பியது. "கதவு..." என்று தனக்குள் சொல்வதுபோல் தொடங்கி, வாசலைத் திரும்பிப் பார்த்தார். திறந்திருக்கிறதா என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்ததுபோல. "கதவு தெறந்துதானே இருக்கு," என்றார்.

பெரிய கைதட்டல் இல்லை. யாரும் உடனே எழுந்தும் போகவில்லை. திரை மூடிய பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

மேக்கப் கலைக்கும் இடத்தில் அத்தான் முகத்தில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அவரவர் உடுப்பில் அவசியமில்லாமல் ஏதோ தேடிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு எடுத்துக் குடுத்தே."

"ஆமா அத்தான்."

அக்காவின் கை நின்றது.

"மறந்துட்டேன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

அவர் பஞ்சால் நெற்றியைத் துடைத்தார். கன்னத்தைத் துடைத்தார். முழு முகமும் வெளியே வரும்வரை துடைத்தார்.

"அப்ப அன்னைக்கு நெசமாவே நிறுத்தினேன்," என்றார்.

நான் தலையசைத்தேன். அவர் அக்கா பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? இவ பொய் சொல்லல." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, பழைய பேருந்துக் குரலில் சொன்னார். "இனிமே நான் மறப்பேன். மறக்கத்தான் செய்வேன். ஆனா இந்தப் புத்தகம் அங்க இருட்டுல ஒக்காந்தா எனக்குச் சரியாக் கேக்கல. மேடையில ஒக்காரட்டும். அந்த வீட்ல இன்னொரு பொண்ணு இருந்தா என்ன கெட்டுப் போச்சு? எப்பவும் படிச்சுக்கிட்டே இருக்கற பொண்ணு."

"ஐயோ அத்தான், எனக்கு நடிக்க வராது."

"உன்ன யாரு நடிக்கச் சொன்னா? வீட்ல பண்றத இங்க பண்ணு."

அக்கா சிரித்தாளா அழுதாளா என்று பார்க்கவில்லை. முகத்தை உடுப்புகளுக்குள் வைத்திருந்தாள். "அவளுக்கு ஒரு பாவாட தைக்கணும்," என்று மட்டும் குரல் வந்தது. முதலாளி கீழே போய், கை வைத்த ஒரு பழைய சாய்வு நாற்காலியைத் தாமே தூக்கி வந்தார்.

"வருசக்கணக்கா யாரும் சீண்டாம கெடக்கு. இதுல ஒக்காரட்டும். மேடை வெளிச்சம் பட்டா எவனாவது கேப்பான்."

அப்படித்தான் நான் மேடைக்கு வந்தேன். அப்பாவுக்குப் பக்கத்தில், மடியில் புத்தகத்தோடு, தலை நிமிராத மகளாக. புத்தகத்துக்குள் பிரதி இருந்தது. தேவைப்பட்டபோது பக்கத்தைத் திருப்புவதுபோலக் குனிந்து ஒரு சொல் சொல்வேன். அத்தான் அதை வாங்கிக்கொள்வார். சில இடங்களில் வேண்டுமென்றே நிறுத்துவார். அப்போது என் வாய் திறக்காது. எது எது என்று அவருக்குக் குழப்பம் வரும்போது என் பக்கம் ஒரு கண் போகும். நான் குனியாமல் இருந்தால், நேரம் இருக்கிறது என்று அவருக்குப் புரியும். முதல் நாளைப் பற்றி அவர் பிறகு கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் அதைவிட உறுதியாக ஒன்றும் இருக்கவில்லை.

அத்தான் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் நடித்தார். கடைசி நாடகத்தில் அவருக்கு வசனமே இல்லை, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெரியவர் வேடம். ஒரு மழைக்காலக் காலையில், வீட்டில், தூக்கத்தில் இறந்துபோனார். அக்கா இப்போது குழுவை நடத்துகிறாள், அப்பா வேடத்தையும் அவளே போடுகிறாள். பல் டாக்டர் முழு வழுக்கையான பிறகு மகன் வேடத்தை விட்டார். நர்சம்மா மாற்றலாகி வேறு ஊருக்குப் போனாள். அங்கே மருத்துவமனை உணவகத்தில் ஆட்களைச் சேர்த்து நாடகம் போடுவதாகச் சொல்கிறார்கள். முதலாளி கடையை மகனிடம் கொடுத்துவிட்டார். மகன் மாடியை மெத்தைகளுக்கு எடுத்துக்கொண்டான். நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடத்துகிறோம். முதலாளி வந்து பார்த்துவிட்டு, பெஞ்சுகள் சரியில்லை என்று குறை சொல்லிப் போவார். நான் இன்னும் மருந்துக்கடையில்தான் இருக்கிறேன், ஞாயிறு மாலைகளில் எடுத்துக் கொடுக்கிறேன். அந்தச் சாய்வு நாற்காலியைக் கடைசிவரை யாரும் வாங்கவில்லை. அது என் வீட்டில் இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் படிக்கிறேன்.